மடிப்பில் மிஞ்சிய மண்

என் நாத்தனாரோடு நான் இப்போது பேசுவதில்லை. ஒரே தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் அடுப்பில் எது தீய்ந்தாலும் என் மூக்குக்குத் தெரியும். நான் பெருமூச்சு விட்டால் அவள் காதுக்குப் போகும். மூங்கில் தட்டிமேல் மண் பூசிக் கம்பெனி வரிசையாகக் கட்டிய இந்த லைன் வீடுகளில் பகை வைத்துக்கொள்ளக்கூட இடம் போதாது. எதனால் சண்டை என்று கேட்கிறவர்களிடம், சட்டையில் பட்ட எண்ணெயால் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுச் சட்டை இல்லையே.

என் மகன் ஆலையில் வேலை செய்தான். தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே வரும் கல்லை இரும்பு உலக்கைகள் இடித்து மாவாக்கும் இடம் அது. அந்த இடி இரவும் பகலும் நிற்காது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், எங்கோ பக்கத்தில் ஓயாமல் யாரையோ அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. இடித்த மாவு தண்ணீரோடு சேர்ந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடும். தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். ஆனால் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் போதும், பாதரசம் தன் பிடியை விட்டுவிடும், தங்கம் சேற்றோடு ஓடிவிடும். ஆகவே தகட்டுப் பக்கம் நிற்கிறவன் உடம்பிலும் உடுப்பிலும் எண்ணெய் இருக்கக் கூடாது என்பது ஆலையின் சட்டம்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர்களே என் மகனிடம் இரண்டு வேலையையும் கொடுத்தார்கள். காலையில் உலக்கைகளின் உருளைகளுக்கு எண்ணெயும் கிரீஸும் போட வேண்டும். அது முடிந்ததும் தகடு துடைக்கப் போக வேண்டும். காலை வேலையில் எண்ணெய் படாமல் இருக்க முடியாது. மேலேயிருந்து சொட்டும், சக்கரத்திலிருந்து தெறிக்கும். பிறகு அதே சட்டையோடு தகட்டருகே போனால், ஆலை மேற்பார்வை துரை பார்த்தவுடன் கத்துவார். ஒருநாள் சொல்லிவிட்டார்: இனிமேல் உன் சட்டையில் கறையைக் கண்டால் உன்னைக் கேஜில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவேன் என்று.

என்னைப் பயமுறுத்த இதைவிட வேறு சொல் வேண்டியதில்லை. கேஜ் என்பது ஆட்களை ஆழத்துக்கு இறக்கும் இரும்புக் கூண்டு. அவன் அப்பா அதில் இறங்கியவர். பாறை வெடித்த அன்று அதே கூண்டில் கம்பளியில் சுற்றிய எதையோ மேலே கொண்டுவந்து, இதுதான் உன் புருஷன் என்றார்கள். கம்பளியைப் பிரிக்க விடவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே வேண்டுதல்: என் பிள்ளை மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அந்த வேண்டுதல் கடைசியில் ஒரு சட்டையில் வந்து நின்றது.

இரண்டு சட்டைகள்தான் அவனுக்கு. ஒன்று உடம்பில், ஒன்று என் கையில். நான் வேலூர்ப் பக்கம் மிஷன் போர்டிங்கில் படித்தவள். அங்கே கணக்கோடும் வேதத்தோடும் துணி வெளுப்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், குழம்பில் மிதக்கும் எண்ணெய் இவையெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கறை பட்டவுடன் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நூலுக்குள் போய்விடும். கடலை மாவையோ சுண்ணாம்புக்கட்டிப் பொடியையோ மேலே கொட்டிவிட வேண்டும். பொடி எண்ணெயைக் குடித்து மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி கொட்ட வேண்டும். பிறகு பூவந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் கசக்கி, வெந்நீரில் அலசி, வெயிலில் போட்டால் கறை இருந்த இடம் தெரியாது.

ஆலை எண்ணெய் இதற்கெல்லாம் மசியவில்லை. அது வெறும் எண்ணெய் இல்லை. இரும்பும் இரும்பும் உரசிய கருப்பு அதில் கலந்திருந்தது. கடலை மாவு அதன்மேல் சும்மா கிடந்தது. தவிடு போட்டேன். சலவைச் சோடாவில் வேகவைத்தேன். கருப்பு பரவி ஊதாவாகிக் கொஞ்சம் பெரிதானதுதான் மிச்சம். சீமெண்ணெய் தொட்டுத் தேய்த்தபோது கறை கரைந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் துரை அவன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, எண்ணெயை எடுக்க இன்னொரு எண்ணெயா என்று கேட்டு, தகட்டுப் பக்கமே வர விடாமல் வெளியே நிறுத்தினாராம். ஒரு மகனைப் பெற்றவள் சட்டையை முகர்ந்து முகர்ந்து பார்த்தே பைத்தியமாகலாம் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

இதையெல்லாம் நாத்தனார் தன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என் கணவருக்கு அக்கா. பள்ளிக்கூடம் போகாதவள்; நான் போனதை மன்னிக்காதவள்.

"இன்னாமே, தெனம் அந்தச் சட்டையப் போட்டு அட்சிக்கினே கீறே? கறை போறதுக்கு முன்ன துணி போயிடும்" என்றாள்.

"போவல அண்ணி. எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்."

"எல்லாம்னா? ஒங்க வெள்ளக்காரம்மா சொல்லிக் குடுத்த எல்லாமா? அவங்க வூட்டுச் சட்டைய வண்ணான் தொவைக்கிறான். அவங்களுக்கு இன்னா தெரியும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பழைய சட்டி நிறைய வெள்ளை மண்ணோடு வந்தாள். சாம்பல் கலந்த வெள்ளை. முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி அவ்வளவு நைசு. பார்த்ததும் தெரிந்தது. ஆலையில் இடித்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, மிச்சமிருந்த தங்கத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகு கொட்டுகிறார்களே, அந்த மண். சயனைட் மேடு என்று அதற்குப் பெயர். ஊருக்கு நடுவே மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் எங்கள் சோற்றில் விழுகிறது.

"கம்பெனி மண்ணு அண்ணி இது. எடுத்தா புடிப்பாங்க."

"சோத்துல கொட்றானே, அதுக்கு அவனை யார் புடிக்கிறா? லைன்ல பாதிப்பேர் இதுலதான் பாத்திரம் தொலக்குறாங்க. கறைமேல கொட்டு, வெயில்ல வையி, ஒதறு. அவ்ளோதான்."

"வெசம் கலந்திருக்குதுன்றாங்களே?"

"ஒன் வாயவிடவா?"

அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சட்டியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மருந்து மண்ணில் சுண்ணாம்பும் இருக்கிறது என்பது என் ஊகம். ஏனென்றால் கருப்புக் கறையின்மேல் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, வெயிலில் வைத்த கொஞ்ச நேரத்தில் மண் கருத்தது. உதறினேன். கறை பாதியாகக் குறைந்திருந்தது. மறுபடி கொட்டினேன். மூன்றாவது முறை உதறியபோது சட்டை புதிதாய் வாங்கியது போல் இருந்தது. விரல் நுனிகள் எரிந்தன, பிறகு தோல் உரிந்தது. அதைப் பற்றி எனக்கென்ன? அன்று சாயங்காலம் மகன் வந்து, "தொர இன்னிக்கு ஒண்ணும் சொல்லலம்மா" என்றான். நாத்தனார் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யார் வைத்தியம்?" என்று குரல் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மண் தீர்ந்தால் அவளே கொண்டுவருவாள். கொண்டுவரும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் வைக்க மாட்டாள். மகன் நல்லபடியாக மேலே இருக்கிறான் என்பதற்காக நான் அத்தனையும் கேட்டுக்கொண்டேன். உதறினால் போதும் என்று அவள் சொன்னாள். போதாது என்று எனக்குத் தெரியும். நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். ஆனால் எங்கள் லைன் குழாயில் தண்ணீர் வருவது குடிப்பதற்கே சண்டை போட்டுப் பிடிக்கிற அளவுக்குத்தான். கோடையில் அதுவும் நின்றது. அந்த வாரம் நான் சட்டையை வெறுமே உதறி மடித்தேன்.

ஆலையிலிருந்து வெளியே வருகிறவர்களை வாசலில் சோதனை போடுவார்கள். குடுமியை அவிழ்க்கச் சொல்வார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள், வேட்டியை உதறச் சொல்வார்கள். தங்கம் வருகிற இடம். எல்லோரும் திருடர்கள் என்றுதான் கணக்கு. அன்று மத்தியானம் நான் மகனுக்குக் கஞ்சி கொண்டுபோய் வேலிக்கு வெளியே நின்றேன். அவன் முறை வந்தது. காவல்காரன் சட்டையின் அடிமடிப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. தையலைப் பிரித்துக் கையில் உதறினான். வெள்ளைத் தூள் கொட்டியது.

"இன்னாடா இது?"

"தெரியலீங்க."

"ஒனக்குத் தெரியல. ஒன் சட்டைக்குத் தெரியுமா, அத்தக் கேக்கட்டா?"

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அது கறைக்குப் போட்ட மண்ணுங்க! எண்ணெய்க் கறைக்குங்க! தொவைக்கிறப்ப உள்ள தங்கிடுச்சிங்க!" என்று கத்தினேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "தொவச்சா மண்ணு போவும்னு கேட்டிருக்கேன். தொவச்சா மண்ணு வரும்னு இப்பதான் கேக்குறேன்" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும் அதில் இருந்தார்கள். அந்த முகங்கள் எனக்கு மறக்காது.

இடித்த தங்க மாவும், தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண்ணும் கண்ணுக்கு ஒன்றுதான். மாவு என்றால் திருட்டு, ஜெயில். அவனைத் துரையின் அறைக்கு இழுத்துப் போனார்கள். பின்னாலேயே போன என்னை யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் கடித்திருப்பேன்.

துரை ஓர் இரும்புச் சட்டியில் அந்தத் தூளைப் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றச் சொன்னார். சேறு வழிந்து போக, அடியில் மின்னுகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எதுவும் மின்னவில்லை. எனக்கு உயிர் வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன்: இது மேட்டு மண், எண்ணெய் எடுக்கப் போடுவது, என் மகனுக்கு இதில் சம்பந்தமில்லை. தோல் உரிந்த விரல்களை நீட்டிக் காட்டினேன். துரைக்கு ஒரு பொம்பளை இங்கிலீஷ் பேசியது பிடிக்கவில்லை. பதிலை என்னிடம் சொல்லாமல் பக்கத்தில் நின்ற தலைமைக் குமாஸ்தாவிடம் சொன்னார். அந்த மனிதர் எங்கள் பக்கத்துக்காரர்தான். என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்.

"எண்ணெய்க் கறைன்னு சொல்றியே, கறை எங்க இருக்குதுன்னு தொர கேக்குறாரு."

மகன் நின்றுகொண்டிருந்தான். அன்று காலையில் அவன் பார்க்கும் உலக்கை வரிசை பழுதாகி நின்றிருந்ததால் அவனுக்கு எண்ணெய் போடும் வேலையே இல்லை. சட்டையில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. அவ்வளவு நன்றாக எடுத்திருந்தேன்.

"எடுத்துட்டேங்க" என்றேன்.

குமாஸ்தா அதைச் சொன்னார். துரை சிரித்தார். இல்லாத கறைக்காகத் திருடப்பட்ட மண் என்று ஏதோ சொன்னார். அது எனக்கே புரிந்தது.

அப்போதுதான் எனக்கு இன்னொரு சட்டை ஞாபகம் வந்தது. வீட்டுப் பின்புறம் கல்லின்மேல் விரித்து, ஒவ்வொரு கறையின்மேலும் மண்ணைக் கொட்டி, வெயிலில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பாதி கருத்து, பாதி வெளுத்துக் கிடக்கும். பார்த்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். "ஆளை அனுப்புங்க. என்னோட இப்பவே அனுப்புங்க. கண்ணால பாக்கட்டும்" என்றேன். துரை கொஞ்சம் யோசித்துவிட்டுக் காவல்காரனை என்னோடு அனுப்பினார்.

நான் நடக்கவில்லை, ஓடினேன். காவல்காரன் பின்னால் திட்டிக்கொண்டே வந்தான். லைனுக்குள் நுழைந்ததும் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றதைப் பார்த்தேன். செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. பின்புறம் போனேன்.

கல் வெறுமையாக இருந்தது. கழுவிவிட்டிருந்தது. சட்டை கொடியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. மண் சட்டி கவிழ்ந்து கிடந்தது. சாக்கடையில் வெள்ளையாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாத்தனார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை நனைந்து நின்றாள். குடிக்க வைத்திருந்த அவள் வீட்டுத் தண்ணீரும் என் வீட்டுத் தண்ணீரும் அந்தச் சட்டைக்கே போயிருந்தது.

"எல்லாத்தையும் கழுவி வுட்டுட்டேன். வந்து தேடட்டும். ஒண்ணும் கெடைக்காது" என்று என் காதோடு சொன்னாள். முகத்தில் பெருமை.

காவல்காரன் சட்டையைப் பார்த்தான், கவிழ்ந்த சட்டியைப் பார்த்தான், சாக்கடைக் கோட்டைப் பார்த்தான். "நல்லாத்தான் வேலை செய்றீங்க" என்றான்.

"இது இன்னா மண்ணுன்னு இவனுக்குச் சொல்லுங்க அண்ணி! நீங்கதானே கொண்டாந்தீங்க, சொல்லுங்க!" என்று நான் கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள், காவல்காரன் கையிலிருந்த தடியைப் பார்த்தாள். "எனக்கு இன்னா தெரியும் சாமி? சட்டை அழுக்கா கெடந்துது, தொவச்சேன். மண்ணு கிண்ணுலாம் படிச்சவங்களத்தான் கேக்கணும்" என்றாள்.

நான் அவளை அடித்தேன். லைன் முழுக்கப் பார்க்க அடித்தேன். அவளும் திருப்பி அடித்தாள். காவல்காரன் நடுவில் வரவில்லை, ரசித்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவள் கொண்டையிலிருந்து என் கையை எடுத்தபோது, "ஒன் புள்ளையக் காப்பாத்தத்தான்டி தொவச்சேன், பாவி!" என்று அழுதாள். அது நிஜமாகவும் இருக்கலாம். அதனால்தான் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

சட்டியில் தங்கம் மின்னாததால் போலீசுக்கு அனுப்பவில்லை. துரையின் தாராள மனசு என்று குமாஸ்தா சொன்னார். ஆலைக்குள் மட்டும் இனிமேல் அவனுக்கு இடமில்லை. கீழே போவதானால் போகலாம், இல்லாவிட்டால் லைன் வீட்டைக் காலி செய்யலாம்.

"ஊருக்குப் போயிடலாம்டா" என்றேன்.

"எந்த ஊருக்கு? அங்க நமக்கு இன்னா கீது? மழையா, நெலமா?" என்றான். பிறகு, "எல்லாரும்தான் எறங்குறாங்கம்மா" என்றான். அவன் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

இப்போது அவன் கேஜில் இறங்குகிறான். அவன் சட்டையில் எண்ணெய் இல்லை. கீழே வெளிச்சத்துக்குத் தொப்பியில் களிமண் வைத்து மெழுகுவர்த்தியைச் செருகிக்கொள்கிறார்கள். அது உருகித் தோளிலும் முதுகிலும் வழிந்து உறைகிறது. மெழுகை இளக்கமாக இருக்கும்போது தொடக் கூடாது. நன்றாகக் காய்ந்து கெட்டியானதும் கத்தியின் பின்பக்கத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். மேலேயும் கீழேயும் பழைய காகிதம் வைத்து, கங்கு போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மிச்ச மெழுகைக் காகிதம் குடித்துவிடும். அதற்குப் பிறகும் எண்ணெய் பட்டதுபோல் ஒரு வட்டம் நிற்கும். போகாது.

போன வாரம் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "வட்டம் நிக்கும். சூடா தவிடு போட்டாப் போவும்." யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். என் வீட்டிலும் தவிடு இருக்கிறது. நான் போடவில்லை. கீழே கறையைப் பார்க்க எந்தத் துரையும் இல்லை. அந்த வட்டங்களை இனி யாருக்காக எடுக்க வேண்டும்?

ஆனாலும் சட்டை கைக்கு வந்ததும் முதலில் தோளைத்தான் தடவிப் பார்க்கிறேன். மெழுகு இருந்தால் மெழுகுவர்த்தி எரிந்திருக்கிறது, அதன் கீழே அவன் தலை இருந்திருக்கிறது என்று ஒரு கணக்கு. பாறை எப்போதாவது கீழே உறுமினால் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதிர்கின்றன. அப்போது இடிக்கிற ஆலையின் சத்தம்கூட எனக்குக் கேட்பதில்லை.

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்போது நான் வாசலுக்கு வந்து கேஜ் இறங்கும் ஷாஃப்ட் பக்கமிருந்து வரும் பாதையைப் பார்த்து நிற்பேன். அவளும் தன் வாசலுக்கு வந்து அதே பாதையைப் பார்த்து நிற்பாள். அவளை யார் கூப்பிட்டது? நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவன் தலை தெரிந்ததும் முதலில் உள்ளே போய்விடுகிறவள் அவள்தான். அவள் கதவை அறைந்து சாத்துகிறாள். தட்டி ஆடி, என் பக்கத்து மண் பூச்சு கொஞ்சம் உதிர்கிறது. நான் அதைப் பெருக்கி அவள் வாசலில் கொட்டிவிட்டு, சட்டையை வாங்கப் போகிறேன்.